சைக்காலஜி படிக்க ஆசை, கணக்கைக் கண்டால் பயம்

சைக்காலஜிஸ்டான எனக்கு 15 வயது மாணவி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யார் என்று தெரியவைக்கும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

வகுப்பில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் இவரிடம்தான் வருவார்களாம். "உன்கிட்ட பேசினா லேசாயிடுது" என்று தோழிகள் சொல்லிச் சொல்லி, உளவியல் படித்து கவுன்சிலர் ஆகலாம் என்ற ஆசை வந்திருக்கிறது. முகத்தைப் பார்த்தே மனதில் ஓடுவதைச் சொல்லிவிடும் திறமை தனக்கு இருப்பதாக நம்புகிறார். அடுத்த மாதம் மேல்வகுப்புக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கு என்றால் கை நடுங்குமாம். உளவியலுக்குக் கணக்கே வேண்டாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதில் நிம்மதி. ஆனால் பள்ளியில் உளவியல் ஒரு பாடமாக இல்லை, கல்லூரியில் மற்றவர்களைவிடப் பின்தங்கிவிடுவோமோ என்று கவலை. அப்பாவோ, "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டபடி இருக்கிறார்.

நடுவில் இரண்டு விஷயங்களைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். தேர்வு நாட்களில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டுகிறது. ஆன்லைனில் ஒரு டெஸ்ட் எடுத்ததில் பதற்றக் கோளாறு என்று வந்தது. தன்னைத் தானே சரிசெய்துகொள்ளவும் உளவியல் உதவும் என்று நினைக்கிறார். இன்னொன்று, நெருங்கிய தோழி ஒருத்தி தன் கையைக் கீறிக்கொள்கிறாள், யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். "அவளுக்கு நானே கவுன்சிலிங் கொடுத்து வருகிறேன், எனக்கும் நல்ல பயிற்சி" என்று எழுதியிருக்கிறார். கடைசியாக, ஒரு சைக்காலஜிஸ்டை நேரில் பார்க்க முடிந்தால் என்ன கேட்பது என்று கேட்டிருக்கிறார்.

அன்பு மகளே,

உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். கல்லூரி, பாடம், வேலை எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் நீ இரண்டு வரியில் கடந்துபோன ஒன்றைப் பேசியாக வேண்டும். இந்தக் கடிதத்தில் அவசரமானது அது ஒன்றுதான்.

உன் தோழியைப் பற்றி

அவள் உன்னிடம் சொன்னது நல்லது. தனியாகத் தூக்கிச் சுமந்ததை ஒருத்தியிடமாவது இறக்கி வைத்திருக்கிறாள். நீயும் முகம் சுளிக்காமல், திட்டாமல் கேட்டிருக்கிறாய். அதுவரை எல்லாம் சரி. அதற்கு மேல் அது உன்னால் தனியாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம் இல்லை.

கையைக் கீறிக்கொள்கிற எல்லோரும் சாக நினைப்பவர்கள் அல்ல. தாங்க முடியாத ஒன்றைத் தாங்கிக்கொள்ள வேறு வழி தெரியாமல் அப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர். ஆனாலும் அவர்களுக்குத் தற்கொலை அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த உண்மை. உன் தோழி இப்போது எந்த நிலையில் இருக்கிறாள் என்று கண்டுபிடிப்பது பயிற்சி பெற்றவர்களுக்கே கடினம். இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் இப்படி ஒரு பிள்ளை வந்தால் நான் ஒற்றை ஆளாக முடிவெடுப்பதில்லை. மனநல மருத்துவரிடம் பேசுவேன், வீட்டாரை உட்காரவைத்துப் பேசுவேன், என்னைவிட மூத்தவர் ஒருவரிடம் கலந்துகொள்வேன். உனக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. ராத்திரி அவளிடமிருந்து மெசேஜ் வரவில்லை என்றால் உனக்குத் தூக்கம் வராது. 15 வயதில் இதைத் தனியாகச் சுமக்கக் கூடாது.

சத்தியம் செய்துவிட்டேனே என்று நீ தயங்கலாம். ரகசியம் காப்பது எங்கள் தொழிலின் முதல் விதி, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. என்னிடம் வருபவரிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன்: "நீங்கள் சொல்வது இந்த அறையோடு இருக்கும். உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நான் சொல்லியாக வேண்டும்." இந்த எல்லை உனக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் சத்தியம் செய்ததற்காக உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே.

அவளிடம் இப்படிச் சொல்லிப் பார்: "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து போய் சொல்லுவோம். நீ வரலைன்னாலும் நான் சொல்லத்தான் போறேன்." கோபப்படுவாள், சில வாரம் பேசாமல்கூட இருப்பாள். இருக்கட்டும். நீங்கள் நம்பும் ஆசிரியர், பள்ளி கவுன்சிலர், அவள் அம்மா, உன் அம்மா, இவர்களில் ஒருவரிடம் இன்றைக்கே சொல். முதலில் சொன்னவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் அடுத்தவரிடம் போ. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுவார்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவள் ஆமாம் என்றால், பெரியவர் ஒருவர் வந்து சேரும்வரை அவளைத் தனியாக விடாதே. யாரும் கிடைக்கவில்லை என்றால் அவசர உதவியை அழை.

அவளுக்குக் கவுன்சிலர் கிடைப்பார்கள். நீ பழைய மாதிரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கப் பேசு, வீட்டுப்பாடம் எழுதிவிட்டாயா என்று கேள். அந்த இடத்துக்கு வேறு யாரும் வர முடியாது.

முகத்தைப் பார்த்து மனதைச் சொல்வது

இனி உன் படிப்புக்கு வருவோம். உனக்கு இருப்பதாக நீ எழுதியிருக்கும் திறமையைப் பற்றி முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் வருத்தமாக இருக்கும், ஆனால் நீ உளவியலுக்கு வருவதாக இருந்தால் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒருவர் பொய் சொல்கிறாரா, உண்மை சொல்கிறாரா என்று பார்த்தும் கேட்டும் கண்டுபிடிக்கச் சொல்லிப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து 2006-ல் ஒரு கணக்கெடுப்பு வெளிவந்தது. அதில் தீர்ப்புச் சொன்னவர்கள் 24,000 பேருக்கு மேல். சராசரியாக 100-க்கு 54 முறைதான் சரியாகச் சொன்னார்கள். காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலே 50 வந்துவிடும். அப்படியானால் 'எனக்குத் தெரிந்துவிடும்' என்று ஏன் நமக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றுகிறது? "என்னடி, சோகமா இருக்கே?" என்று கேட்டு அவள் அழுத நாள் உனக்கு மறக்காது. "இல்லையே, தூக்கம்தான்" என்று சொல்லிப் போன பத்து நாட்கள் நினைவில் தங்குவதில்லை.

நான் பயிற்சியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சிறுவனை அழைத்து வந்திருந்தார்கள். வகுப்பில் கவனிப்பதில்லை, சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று புகார். நான் கேட்ட கேள்விகளுக்குத் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தான். என் குறிப்பேட்டில் 'ஒத்துழைக்க மறுக்கிறான், உள்ளே நிறையக் கோபம் இருக்கிறது' என்று எழுதினேன். எனக்கு மேற்பார்வையாளராக இருந்த அம்மையார் அதைப் படித்துவிட்டு, "கோபத்தைக் கண்ணால பார்த்தியா? பார்த்ததை மட்டும் எழுதிக் கொண்டு வா" என்று நோட்டைத் திருப்பித் தந்துவிட்டார். அடித்துவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். 'அவனுடைய இடது பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட நான்கு கேள்விகளுக்குப் பதில் இல்லை. எழுந்து எதிரில் வந்து கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொன்னான்.' எழுதி முடித்ததும் எனக்கே சுருக்கென்றது. காதுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். இடது காது அவனுக்கு மிகக் குறைவாகத்தான் கேட்டது.

இந்தப் பழக்கத்துக்கு எந்தக் கல்லூரியும் வேண்டாம், நாளைக்கே ஆரம்பிக்கலாம். ஒரு நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள். இடது பக்கம் கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும். வலது பக்கம் நீ நினைத்துக்கொண்டது. 'அக்கா கோபமாக வந்தாள்' என்பது வலது பக்கத்துக்குப் போக வேண்டும். 'அக்கா பையை வைத்தபோது டம் என்று சத்தம் வந்தது, என் பக்கம் திரும்பவில்லை' என்பது இடது பக்கம். தினமும் பத்து நிமிடம் போதும். பெயர் எழுதாதே, ஒளிந்திருந்து யாரையும் வேவு பார்க்காதே. ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார். வலது பக்கத்தில் எழுதியவற்றில் எத்தனை பின்னால் தவறு என்று தெரிந்ததோ, அதைப் பார்த்தால் உன்னைப் பற்றி உனக்கே நிறையத் தெரியும்.

கணக்கு வேண்டாம் என்று சொன்னது யார்?

உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது தவறான தகவல். உளவியல் பட்டப்படிப்பு என்றால் அதில் பெரும்பாலும் புள்ளியியல் இருக்கும். முதல் வருடத்தில் சேர்ந்துவிட்டு, "இது இருக்கும்னு யாரும் சொல்லலையே" என்று கலங்கி நிற்கும் மாணவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஏன் தேவை என்று விளக்க நீ எடுத்த ஆன்லைன் டெஸ்டையே எடுத்துக்கொள்வோம். அது மிக நல்ல டெஸ்ட் என்றே வைத்துக்கொள். கோளாறு இருப்பவர்களில் 100-க்கு 90 பேரை 'இருக்கிறது' என்று சரியாகச் சொல்கிறது, இல்லாதவர்களில் 100-க்கு 90 பேரை 'இல்லை' என்று சரியாகச் சொல்கிறது. 1,000 மாணவர்கள் எழுதுகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு உண்மையிலேயே கோளாறு இருக்கிறது என்று வைப்போம். இந்த 50 பேரில் 45 பேருக்கு 'இருக்கிறது' என்று வரும். மீதி 950 பேருக்குக் கோளாறு இல்லை, ஆனால் அவர்களில் 95 பேருக்கும் 'இருக்கிறது' என்று வந்துவிடும். மொத்தம் 140 பேர் பயந்துபோய் வீட்டுக்குப் போவார்கள். அந்த 140 பேரில் நிஜமாகவே கோளாறு இருப்பது 45 பேருக்கு. மூன்றில் ஒருவருக்குக்கூட இல்லை!

இதில் நீ பயப்படும் கணக்கு எங்கே இருக்கிறது? சதவீதம், கூட்டல், கழித்தல், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கணக்கு தெரியாமல் ஒருவர் சைக்காலஜிஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்தால், 95 பிள்ளைகளுக்கு இல்லாத வியாதியைச் சொல்லி அனுப்பிவிடுவார். உனக்கு வேண்டியது விகிதம், சராசரி, நிகழ்தகவு, வரைபடத்தைப் படிக்கும் பழக்கம், அப்புறம் ஒரு எண்ணைப் பார்த்ததும் 'எத்தனை பேரில்?' என்று கேட்கும் குணம். நுண்கணிதத்தில் நீ தடுமாறினாலும் உளவியலில் நன்றாக வரலாம்.

பாடத் தேர்வில் என் யோசனை இது. கணக்கை முழுப் பாடமாக எடுக்க முடியும் என்றால் எடு, மதிப்பெண் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அது உன்னை உருக்குலைத்துவிடும் போலிருந்தால், புள்ளியியல் வரும் வேறு பாடம் இருக்கிறதா என்று பார். அதுவும் இல்லையென்றால் இப்போதிருக்கும் கணக்கையாவது விட்டுப்போகாமல் பார்த்துக்கொள். எதை முடிவு செய்வதற்கு முன்னாலும் நீ சேர நினைக்கும் மூன்று நான்கு கல்லூரிகளின் சேர்க்கை விதிகளை அவர்களுடைய அறிவிப்பிலேயே படித்துவிடு. சில இடங்களில் எந்தப் பிரிவில் படித்தவர்களும் சேரலாம், சில இடங்களில் கணக்கோ உயிரியலோ கேட்பார்கள். ஒரு நாட்டில் இருக்கும் விதி இன்னொரு நாட்டில் இருக்காது. யாரோ சொன்னார்கள் என்பதை வைத்து இந்த முடிவை எடுக்காதே.

இன்னொன்று. சைக்காலஜிஸ்ட் வேறு, சைக்கியாட்ரிஸ்ட் வேறு. இரண்டாமவர் முதலில் மருத்துவம் படித்து, அதற்கு மேல் மனநல மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர், மருந்து எழுதித் தருபவர். உன் மனதின் ஓரத்தில் அந்த ஆசை கொஞ்சமாவது இருந்தால் உயிரியல், வேதியியல், இயற்பியலை இப்போதே விட்டுவிடாதே. உளவியலுக்கு வேறு பாதைகளிலிருந்து பின்னாளிலும் வரலாம். மருத்துவத்துக்கு அப்படி நினைத்தபோது திரும்பிப் போவது ரொம்பக் கஷ்டம்.

உன் படபடப்பு

டெஸ்டில் 'இருக்கிறது' என்று வந்ததாலேயே உனக்குக் கோளாறு என்று ஆகிவிடாது என்று மேலே பார்த்தோம். ஆனால் அதே டெஸ்டை நம்பாமல் 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடுவதும் சரியில்லை. தேர்வுக்கு முன்னால் படபடப்பது பலருக்கும் உண்டு. எத்தனை மாதமாக இருக்கிறது, அதற்குப் பயந்து எதையெல்லாம் தவிர்க்கிறாய், தேர்வு இல்லாத நாளிலும் வருகிறதா, தூக்கம் எப்படி என்றெல்லாம் ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும். அதனால் முதலில் ஒரு டாக்டரைப் பார், அப்புறம் ஒரு கவுன்சிலரைப் பார்.

போகும்போது உனக்கு இருக்கும் உரிமைகளைத் தெரிந்துகொண்டு போ. "நான் சொல்றதுல எதை அப்பா அம்மாகிட்ட சொல்லுவீங்க?" என்று முதல் நாளே கேட்கலாம். சிறுவர் விஷயத்தில் பெற்றோருக்கு எவ்வளவு தெரிவிக்க வேண்டும் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆனால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் உனக்குக் கிடைக்க வேண்டும். ஏதாவது சோதனை கொடுத்தால் அது எதற்கு, அதில் என்ன தெரிந்தது என்று விளக்கச் சொல்லிக் கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கிறேன் என்று சொல்லலாம்.

தன்னைச் சரிசெய்துகொள்ள உளவியல் படிக்கிறேன் என்று நீ எழுதியது எனக்குப் புதிதில்லை, அதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் பட்டப்படிப்பு என்பது சிகிச்சை அல்ல. வகுப்பில் ஒவ்வொரு கோளாறாகப் பாடம் நடக்கும்போது, 'இதுவும் எனக்கு இருக்கிறதே' என்று தோன்றும். ஏற்கெனவே பயந்திருப்பவர்களுக்கு அந்த வாரங்கள் கடினமாக இருக்கும். உன் கஷ்டத்துக்கு இப்போதே உதவி வாங்கிக்கொள். அப்படி உதவி வாங்கியவர்கள் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் நாற்காலி எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர்.

பள்ளியில் உளவியல் பாடம் இல்லையென்றால்

பின்தங்க மாட்டாய். கல்லூரியில் பெரும்பாலும் அ, ஆ-விலிருந்துதான் தொடங்குவார்கள். உளவியலே ஒன்றும் அவ்வளவு பழைய துறை இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் தொடங்கிய 1879-ஐத்தான் அதன் பிறந்த வருடமாகச் சொல்வது வழக்கம். அதற்கு ஆறு வருடம் கழித்து ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை நாளில் எவ்வளவு மறக்கிறது என்று கணக்கு வைத்தார். சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்ட ஆள் அவரேதான்.

நீயும் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இது. நான்கு ஸ்கெட்ச் பேனா எடுத்துக்கொள். 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சையால் எழுது, 'நீலம்' என்பதைச் சிவப்பால் எழுது, இப்படி 20 சொற்கள். இன்னொரு தாளில் அதே நிறங்களில் வெறும் கட்டங்கள் 20. வீட்டில் ஒருவரிடம், சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வேகமாகச் சொல்லச் சொல்லி, போனில் நேரம் பார். கட்டங்களை மளமளவென்று சொல்லிவிடுவார்கள். சொற்களில் நாக்கு தடுமாறும். படிப்பது நமக்கு அவ்வளவு பழகிவிட்டது, வேண்டாம் என்றாலும் கண் படித்துவிடுகிறது. இதோடு நிறுத்தாதே. இன்னும் எழுத்து படிக்கத் தெரியாத குழந்தைக்கு இது எப்படி இருக்கும்? நாம் படிக்கத் தெரியாத ஒரு மொழியில் நிறப்பெயர்களை எழுதினால்? முதலில் உன் ஊகத்தைத் தாளில் எழுதி மடித்து வை, அப்புறம் செய்து பார். ஊகத்தை முன்னாலேயே எழுதி வைப்பது முக்கியம். இல்லாவிட்டால் முடிவு வந்த பிறகு 'நான் இதைத்தான் நினைத்தேன்' என்று மனம் மாற்றிச் சொல்லிவிடும்.

யாரிடம் செய்தாலும் முதலில் அனுமதி கேள், நடுவில் வேண்டாம் என்றால் நிறுத்திவிடு, பயமுறுத்துவது எதையும் செய்யாதே. 1920-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைக்கு, பின்னால் பெரிய சத்தம் எழுப்பி எழுப்பி வெள்ளை எலியைக் கண்டு பயப்படப் பழக்கினார்கள். அந்தப் பயத்தைப் போக்காமலேயே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது. அந்தக் குழந்தையை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறாது.

வாசிக்கும்போது 'உங்கள் குணத்தைச் சொல்லும் ஐந்து கேள்விகள்' வகையறாவைக் குறைத்துக்கொண்டு, ஒரு சோதனையை எப்படிச் செய்தார்கள் என்று விளக்கும் நூல்களைத் தேடு. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-ல் செய்ததைப் பார். 150 மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சி காட்டினார்கள். சிலரிடம் "கார்கள் மோதிக்கொண்டபோது என்ன வேகம்?" என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்கிற மாதிரியும் கேட்டார்கள், சிலரிடம் வேகத்தைப் பற்றியே கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்து கிடந்ததைப் பார்த்தீர்களா என்று எல்லோரிடமும் கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. வெறும் 'மோதல்' கேட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'நொறுங்கல்' கேட்ட 50 பேரில் 16 பேர். கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினால் நினைவே மாறிவிடுகிறது என்றால், உன் தோழிகளிடம் நீ கேட்கும் கேள்விகளைக் கொஞ்சம் யோசித்துப் பார்.

அதே சமயம், அச்சில் வந்துவிட்டதாலேயே எதையும் நம்பிவிடாதே. 2015-ல் நிறைய ஆய்வாளர்கள் கூடி, முன்பு வெளியான 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்தார்கள். முதலில் ஏறக்குறைய எல்லா ஆய்வுகளும் வெற்றி என்று அறிவித்திருந்தன. மறுமுறை செய்தபோது 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி உறுதியான முடிவு கிடைத்தது. துறை தன்னைத் தானே இப்படிச் சோதித்துக்கொண்டதால்தான் எனக்கு அதன் மேல் மதிப்பு கூடியது.

மற்ற பாடங்களில் உயிரியலில் மூளையும் நரம்பும் வரும் பகுதியை ஆழமாகப் படி. ஹென்றி மொலைசன் என்பவருக்கு 27 வயதில், 1953-ல், வலிப்பைக் குறைக்க மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு புதிதாக நடக்கும் எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. ப்ரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி கோடு பிசகாமல் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கை திருந்திக்கொண்டே வந்தது. ஆனால் அதற்கு முன் அதை வரைந்ததே அவருக்கு நினைவில்லை. நினைவு என்பது ஒரே பொருள் இல்லை என்று அந்தக் கை காட்டிக் கொடுத்தது. இதைப் படித்த பிறகு மூளைப் பாடம் வெறும் படம் வரைந்து பாகம் குறிப்பதாக இருக்காது.

மொழிப் பாடத்தைச் சாதாரணமாக நினைக்காதே, இந்தத் தொழிலில் எழுத்து வேலை மிக அதிகம். படிக்கும் முறைக்கும் உளவியலிலேயே வழி இருக்கிறது. 2006-ல் ரோடிகரும் கார்பிக்கும் செய்த ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவிருந்தது. ஒரு அமர்வு மட்டும் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். படித்த ஐந்தாவது நிமிடத்தில் கேட்டபோது முதல் வகையினர்தான் முந்தியிருந்தார்கள் என்பதையும் கவனி. தேர்வுக்கு முந்தின ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரி இருந்து, பின்னால் கைவிட்டுப்போவது இதனால்தான். கணக்கிலும் இப்படிப் பழகிப் பார், பயம் கொஞ்சம் குறையும்.

தொண்டு செய்ய நினைத்தால், பெரியவர் ஒருவர் கூடவே இருந்து வழிகாட்டும் இடமாகப் பார்த்துச் சேர். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவது, முதியவர்களோடு உட்கார்ந்து பேசுவது எல்லாமே நல்லது. அங்கேயும் கவுன்சிலிங் செய்யாதே, கூட இருந்து பழகு.

அப்பாவின் கேள்வி

அவர் கேட்பது நியாயமானது, அவரை எதிரியாகப் பார்க்காதே. இளநிலைப் பட்டம் மட்டும் வாங்கினால் யாரும் சிகிச்சை தரும் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட முடியாது. அதற்கு மேல் படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, பல நாடுகளில் பதிவோ உரிமமோ வேண்டும். பள்ளி முடித்ததிலிருந்து பல வருடங்கள் பிடிக்கும். நாடு மாறினால் அந்த உரிமம் அப்படியே செல்லாது. இதை அப்பாவிடம் மறைக்காமல் நீயே சொல்லிவிடு.

கூடவே இன்னொன்றையும் சொல். இந்தப் பட்டம் வாங்குபவர்கள் எல்லோரும் சிகிச்சைக்கு வருவதில்லை. நிறுவனங்களில் ஆட்களைத் தேர்வு செய்யும் பிரிவு, மக்கள் ஒரு செயலியை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் வேலை, சந்தை ஆய்வு, சிறப்புக் குழந்தைகளுக்கான கல்வி, சமூகப் பணி, ஆராய்ச்சி என்று பலவாறு பிரிந்து போகிறார்கள். அங்கேயெல்லாம் உன் கூடவே வருவது பெரும்பாலும் நீ பயப்படும் அந்தப் புள்ளியியல்தான். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து மேல்படிப்புக்கு எத்தனை வருடம், என்ன செலவு, நடுவில் மனம் மாறினால் எந்தப் பக்கம் திரும்பலாம் என்று எழுதிப் பாருங்கள். தாளில் வரவு செலவாகப் பார்த்தால் அப்பாவுக்கும் பேசுவது சுலபமாக இருக்கும்.

சைக்காலஜிஸ்டிடம் என்ன கேட்பது

"இந்தத் தொழில் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். அதனால், "நேத்து காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் என்ன செஞ்சீங்க?" என்று கேள். எந்த வேலை அலுப்பாக இருக்கிறது, எந்த வகை ஆட்களைப் பார்க்க முடியாது என்று அனுப்பிவிடுவார், வீட்டுக்குப் போன பிறகும் மனதில் சுற்றும் விஷயத்தை என்ன செய்வார், இவற்றையும் கேள்.

என்னிடம் கேட்டிருந்தால், நேற்று நான்கு பேரைப் பார்த்தேன். ஒருவர் வருவதாகச் சொல்லி வரவில்லை, கூப்பிட்டு நலமா என்று விசாரித்தேன். மதியம் ஒரு சிறுமிக்கு எடுத்த சோதனையின் மதிப்பெண்களைக் கூட்டி, அட்டவணையில் இரண்டு முறை சரிபார்த்தேன். அதற்கான அறிக்கையை மூன்றாவது தடவையாகத் திருத்தி எழுதினேன். அவள் அம்மா அதை பஸ்ஸில் உட்கார்ந்து படித்தாலும் பயப்படாமல் புரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. சாயங்காலம் என் மேற்பார்வையாளரோடு ஒரு மணி நேரம் பேசினேன். ஒருவர் விஷயத்தில் நான் அவசரப்பட்டு முடிவுக்கு வந்திருந்ததை அவர் சுட்டிக்காட்டினார். அடுத்த வாரம் அந்த நபர் வரும்போது என்ன கேட்க வேண்டும் என்று குறித்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.